என் கஞ்சிக்கு நானே நின்ற வரிசை

எந்த நிகழ்ச்சியும் எனக்குத் தேதியோடுதான் நினைவுக்கு வரும். சில சமயம் தேதி மட்டும் வரும், நிகழ்ச்சி வராது. "நிக்காஹ் எந்தக் கிழமைன்னு கேளுங்க, மணியோட சொல்லுவாரு. அன்னைக்கு என்ன சாப்பாடுன்னு கேளுங்க, முழிப்பாரு" என்று என் மனைவி வருகிறவர்களிடம் சொல்வது வழக்கம். ரமலான் மாதத்தில் மட்டும் நான் காலண்டரை ஒதுக்கிவிட்டு டைரியில்கூட நோன்பு எண்ணிக்கையைத் தேதியாக வைத்துக்கொள்வேன். ஆகவே இதையும் அப்படியே சொல்கிறேன். எல்லாம் ஆரம்பித்தது ஆறாம் நோன்பன்று.

நாங்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக்காரர்கள். பிழைக்க வந்தது உருதும் தெலுங்கும் பேசுகிற ஊருக்கு. இங்கே பாலாநகரில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. வருகிற உதிரிபாகத்தை அளந்து பார்த்து, சரியானதற்குப் பச்சை ஸ்டிக்கர், தவறானதற்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது தொழில். இதையே வருடக்கணக்கில் செய்தால் மனிதன் என்ன ஆவான் என்பதற்கு நான் உதாரணம். வீட்டில் தோசை வட்டமாக இல்லையென்றால் என் கண் தானாக அங்கே போய் நிற்கும்.

ஒவ்வொரு ரமலானுக்கு முன்பும் தொழிற்சாலைக்காரர்கள் சிலரும் சுற்றுத்தெருக்காரர்கள் சிலரும் சேர்ந்து, கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு ரேஷன் பை கொடுப்போம். அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, தேயிலை, பேரீச்சம்பழம், பெருநாளைக்குச் சேமியா. பொருள்களைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையது. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். பேரீச்சம்பழத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து நான் ஒதுக்குவதைக் கண்ட கடைக்காரர், "சாப், யே கஜூர் ஹை, பேரிங் நை" என்றார். இது பேரீச்சம்பழம், பேரிங் இல்லை என்று கேலி. நான் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பையின் வாயிலும் என் இனிஷியலோடு பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன். வாங்க வருகிறவர்களுக்கு வரிசை எண் போட்ட டோக்கன் தயார் செய்தேன். கொடுக்கும்போது ஒரு புகைப்படம். நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே.

ஆறாம் நோன்பன்று மத்தியானம் ஒரு சிறுமி எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் அடுக்ககத்துக்குப் பின்சந்தில் இரண்டு அறைகளில் குடியிருக்கும் தையல்காரப் பெண்ணின் மகள். ஏழு வயதிருக்கும். அவளுடைய அப்பா பெயிண்டர். ஒரு கட்டடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, குளிர்காலம் முழுவதும் கட்டிலில் கிடந்தார். அம்மா தைப்பதில்தான் வீடு ஓடியது. தைத்த துணியைக் கொண்டுவந்து தருவது மகள். அன்றும் என் மனைவியின் ரவிக்கையைக் கொண்டுவந்தாள். மனைவி பிஸ்கட் நீட்டினாள். சிறுமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ரோஜா" என்றாள். நோன்பை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

குழந்தைகளுக்கு நோன்பு கடமையில்லை. ஆசைக்கு ஒரு நாள் பிடிப்பார்கள், அதற்கு மாலை போட்டுக் கொண்டாடுவார்கள். இந்தச் சிறுமி முதல் நோன்பிலிருந்து ஒன்றுகூட விடவில்லையாம். எதை வைத்து நோன்பு திறக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, தண்ணீரும் கஜூரும் என்றாள். விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு? வெறும் சாய், டீ.

நான் வேலையிலிருந்து வந்ததும் மனைவி சொன்னாள்.

"அது நோம்பு இல்லங்க. வீட்டுல ஒண்ணும் இல்ல. பிள்ள கேட்டா சொல்றதுக்கு அந்தப் பொண்ணு அதுக்கு நோம்புன்னு பேரு வச்சிருக்கா."

எனக்கு உடனே வழி தெரிந்தது. மிச்சமிருந்த டோக்கனில் ஒன்றை எடுத்து, எண் போட்டு, கையெழுத்திட்டு, அடுத்த தையல் துணியோடு கொடுத்தனுப்பினேன். எட்டாம் நோன்பன்று தைத்த துணி திரும்பி வந்தது. அழகாக மடித்து, மேலே என் டோக்கன். கசங்கக்கூட இல்லை. சிறுமி ஒப்பித்தாள்: "அம்மி போலே, ஜரூரத் வாலோங்கு தேவ்." தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள் என்று அம்மா சொல்லச் சொன்னாளாம்.

நான் அன்று மாலை முழுவதும் டோக்கன் முறையில் எங்கே பிழை என்று ஆராய்ந்தேன். எழுத்து சிறிதாக இருந்ததோ? உருதுவிலும் அச்சடித்திருக்க வேண்டுமோ? கடைசியில், புகைப்படம் எடுக்கும் இடத்தில் வெளிச்சம் போதவில்லை என்ற முடிவுக்கு வந்தேன். மனைவி வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நம்மூருல நோம்புக் கஞ்சிக்கு யாரு டோக்கன் கேட்டா?"

நம்மூரில் சாயங்கால அசர் தொழுகை முடிந்தால் பள்ளிவாசல் வாசலில் தூக்குச்சட்டிகள் வரிசையாக வந்துவிடும். கப்பல்காரர் வீட்டுச் சட்டியும் நிற்கும், மீன் விற்கிறவர் சட்டியும் நிற்கும், எதிர்ச்சாரி டீக்கடைக்காரர் முருக பக்தர், அவர் சட்டியும் நிற்கும். கஞ்சி வாங்குவது வறுமையின் அடையாளம் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. கஞ்சி வாங்காதவனைத்தான் என்ன உடம்புக்கு என்று கேட்பார்கள். இந்த ஊரில் அந்த வழக்கம் இல்லை. இங்கே கறியும் கோதுமையும் குழைத்த ஹலீமும் பழத்தட்டும்.

கஞ்சி காய்ச்சுவதென்று முடிவானது. எனக்குப் பெரிய சந்தோஷம், ஏனென்றால் படிக்க நிறைய இருந்தது. அரிசிக் கஞ்சி எந்தக் காலத்தில் எந்த வழியாக எந்தத் துறைமுகத்துக்கு வந்தது என்று பழைய பயணக் குறிப்புகளையெல்லாம் புரட்டினேன். தேதி விஷயத்தில் இரண்டு புத்தகங்கள் ஒன்றையொன்று மறுத்தன. அந்தச் சண்டையைத் தீர்ப்பதற்குள் மனைவி தேக்சா என்கிற பெரிய அண்டாவை வாடகைக்குப் பேசி, குருணையும் பாசிப்பருப்பும் வாங்கி, ஊரிலிருந்து பஸ்ஸில் வந்த ரம்பை இலையையும் ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டாள்.

இடம் எங்கள் அடுக்ககத்தின் செல்லார். அதாவது கீழே கார் நிறுத்தும் தளம். அதற்குத் தரைத்தளத்துப் பெரியவர், எல்லோருக்கும் சாச்சா, அனுமதி தர வேண்டும். அவர்தான் அடுக்ககச் சங்கத் தலைவர், தலைமுறைகளாக இந்த ஊர்க்காரர், சமையல் விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் தகுதி தனக்கு மட்டுமே உண்டு என்று நம்புகிறவர்.

"கஞ்சி? கைக்கு மியான்?" என்றார், ஏனப்பா என்கிற பொருளில். "அது பீமார், நோயாளி சாப்பிடறது. நான் டைபாய்டுல குடிச்சேன்." கறி உண்டா என்று கேட்டார். எல்லோரும் குடிக்க வேண்டும் என்பதால் கறி போடவில்லை என்றேன். "கோஷ்த் இல்லாத இஃப்தாரா? நக்கோ, நக்கோ." வேண்டாம் என்பதற்கு இங்கே நக்கோ. ஆனால் என் மனைவியிடம் அவருக்கு மரியாதை உண்டு. ஒரு நாள் பார்க்கலாம் என்றார்.

பத்தாம் நோன்பன்று தேக்சா ஏறியது. அதில் ஒரு சிக்கல் உண்டு. நோன்பு வைத்துச் சமைக்கிறவர் உப்புப் பார்க்க வாயில் வைக்கத் தயங்குவார். தரப் பரிசோதகன் வீட்டிலேயே பரிசோதிக்க முடியாத பொருள்! நான் மின்தராசு கொண்டுவந்து உப்பை எடை போட்டேன். மனைவி என்னை நகர்த்திவிட்டு, மூன்றாம் மாடியிலிருக்கும் தெலுங்குக்கார அக்காவைக் கூப்பிட்டாள். அவர் ஒரு கரண்டி ருசித்து, "சரிப்போயிந்தி" என்று கையால் அபிநயம் பிடித்தார். சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அன்றிலிருந்து அவரே எங்கள் அதிகாரபூர்வ நாக்கு.

நானும் சும்மா இருக்கவில்லை. செல்லார் வாசலில் ஒரு பேனர் கட்டியிருந்தேன். "ஏழைக் குடும்பங்களுக்கு இலவச நோன்புக் கஞ்சி" என்று உருது, தெலுங்கு, ஆங்கிலம் மூன்றிலும். பிழை பார்த்துத்தான் அச்சடித்தேன். கல்லூரிக்குப் போகும் மகள் அதைப் பார்த்துவிட்டு, "வாப்பா, இதைப் படிச்சிட்டு கோன் ஆயேகா?" என்றாள், யார் வருவார்கள் என்று. அவளுக்குத் தமிழ் எல்லாம் புரியும், பாதிக்கு மேல் வராது.

அவள் சொன்னபடியே ஆயிற்று. சந்தில் போனவர்கள் பேனரை நின்று படித்தார்கள். படித்துவிட்டுப் போனார்கள். பின்சந்து ஜன்னலில் தையல் மெஷின் சத்தம் நிற்கவே இல்லை. ஒரு கார் கழுவும் தொழிலாளியும் இரண்டு டெலிவரிப் பையன்களும் குடித்தார்கள். மிச்சத்தை மனைவி பக்கத்துப் பள்ளிவாசலுக்கு அனுப்பினாள். பேனரை அவளே அவிழ்த்தாள். எழுத்து உள்ளே போகும்படி புரட்டிப் போட்டால், அது இப்போதும் எங்கள் ஸ்கூட்டருக்கு மழை உறையாக உதவுகிறது.

"நாளைக்கு முதல் ஆளா நீங்க நிக்கணும்" என்றாள்.

"நானா? காய்ச்சுறதே நாம."

"அதனாலதான். நீங்க சட்டி தூக்கிட்டு நின்னாத்தான் அந்தச் சட்டியும் வரும்."

பதினோராம் நோன்பன்று ஐந்து மணிக்கு, என் வீட்டு மிக்சியில் பாதி பொருள் அரைத்து, என் சம்பளத்தில் பாதி பொருள் வாங்கிய கஞ்சிக்கு, கையில் தூக்குச்சட்டியோடு நான் வரிசையில் நின்றேன். என்னைத் தவிர வரிசையில் யாரும் இல்லாததால் அதை வரிசை என்று சொல்வது வரலாற்றுப் பிழை. தேக்சாவுக்குப் பின்னால் அகப்பையோடு நின்ற மனைவி என்னை முன்பின் தெரியாதவர் போல, "வாங்க, சட்டிய நல்லா காட்டுங்க" என்றாள். மறுநாள் மகளும் நின்றாள், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு. அதற்கடுத்த நாள் மூன்றாம் மாடி அக்கா ஒரு கிண்ணத்தோடு எனக்குப் பின்னால் வந்து நின்றார். சாச்சா தன் வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்லார் தெருவைப் பார்த்தது. தெரு, தொழிற்சாலையிலிருந்து வருகிறவர்கள் போகும் வழி. என்னைச் சட்டியோடு பார்த்த ஒருவர் ஸ்கூட்டரை மெதுவாக்கினார். ரேஷன் பைக் குழுவில் என் சக உறுப்பினர். "சப் கைரியத்?" என்று கேட்டார். எல்லாம் நலமா என்றுதான் கேட்கிறார் என்று நினைத்து, ஹவ், ஹவ் என்று தலையாட்டினேன். நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று மறுநாள் தெரிந்தது. மதியம் என் மேஜைக்குக் கீழே ஒரு பை இருந்தது. வாயில் பச்சை ஸ்டிக்கர், என் இனிஷியல். அவர் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து தாழ்ந்த குரலில் பேசினார். நெருக்கடி எல்லோருக்கும் வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை, புகைப்படம் வேண்டாம், டோக்கனில் கையெழுத்து மட்டும் போதும் என்றார். டோக்கன் நான் தயாரித்ததுதான்.

பையை அவர் பக்கம் தள்ளினேன். பிறகு என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஜரூரத் வாலோங்கு தேவ், பாய்."

சொன்ன பிறகுதான் இந்த வாக்கியத்தை எங்கே கேட்டேன் என்பது நினைவு வந்தது. விஷயத்தை விளக்கினேன். அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். அந்த வாரம் முழுவதும் கேண்டீனில் யாரோ எனக்கு முன்பே டீக்குக் காசு கொடுத்துவிட்டிருந்தார்கள். நோன்பு வைத்தவனுக்கு எதற்கு டீ என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவு இரக்கம்.

பதினான்காம் நோன்பன்று சாச்சா எழுந்து வந்தார். கையில் ஸ்டீல் ஜக். பேகத்துக்கு, அதாவது அவர் மனைவிக்கு, வயிறு சரியில்லை, மருந்துபோல ஒரு கரண்டி போதும் என்றார். மறுநாள் பேகத்துக்கும் அவருக்கும். அதற்கு மறுநாள் ஜக்கோடு ஒரு டிபன்கேரியரும் வந்தது. பீமார் உணவைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை. சாச்சா நின்ற இடத்தில் நிற்க மற்றவர்களுக்கென்ன வெட்கம்? எதிர் வீட்டு ஆசிரியை, பால் பூத்காரர், பிரஸ் கடைக்காரர், முதல் மாடியின் ஐடி தம்பதி என்று வரிசை செல்லாரின் தூண்களைத் தாண்டியது. பெண்கள் வரிசையில் நின்றே பெருநாள் துணியைப் பற்றிப் பேசினார்கள். எங்கே தைக்கக் கொடுப்பது என்ற கேள்வி வந்தபோதெல்லாம் என் மனைவி அகப்பையால் பின்சந்தைக் காட்டினாள். காட்டும்போது தரையில் சொட்டிய கஞ்சியை நான் துடைத்தேன்.

வரிசை எவ்வளவு நீளமானாலும் பின்சந்துச் சட்டி மட்டும் வரவில்லை.

வந்தது பதினேழாம் நோன்பன்று. தேக்சாவை மனைவி சுரண்டிக்கொண்டிருந்த நேரம். சிறுமி, கையில் மூடி போட்ட அலுமினியச் சட்டி. அதை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். தேக்சாவின் அடியில் பருக்கைகூட இல்லை. கௌரவமானவர்கள் எல்லோரும் ருசித்து ருசித்துக் காலி செய்திருந்தார்கள். ஏழைகளுக்காகத் தொடங்கிய கஞ்சி அவர்கள் வருவதற்குள் தீர்ந்துபோனது. இதற்கு என்ன நிற ஸ்டிக்கர் ஒட்டுவது?

என் சட்டி நிறைந்திருந்தது, முதலில் நின்றவன் அல்லவா. நீட்டினேன்.

சிறுமி ஒரு அடி பின்னால் போனாள்.

"அம்மி போலே, லைன்ல குடுத்தா மட்டும் வாங்கணும். தனியா யாராச்சும் குடுத்தா நக்கோ."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். நான் சட்டியை நீட்டியபடியே நின்றேன். இரக்கம் காட்ட நீட்டிய கையை எப்படி மடக்குவது என்று யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. மனைவி தேக்சாவைச் சுற்றி வந்தாள், என் கையிலிருந்து சட்டியைப் பிடுங்கினாள், அப்படியே தேக்சாவுக்குள் கவிழ்த்தாள். வெளியே போன பொருள் மறுபடி கலனுக்குள் போவதை என் பணிக்காலத்தில் ஒருமுறைகூட நான் அனுமதித்ததில்லை. அவள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சத்தமாகச் சொன்னாள்.

"லைன் இன்னும் முடியல. கடைசில யாரு? நீயா? வா, நில்லு. என்னங்க, நீங்க பின்னாடி போய் நில்லுங்க."

போய் நின்றேன், சிறுமிக்குப் பின்னால், காலிச் சட்டியோடு. படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்த சாச்சா நின்றார். ஜக்கையும் டிபன்கேரியரையும் பார்த்தார், எங்களைப் பார்த்தார். இறங்கி வந்தார். "இதுல இஞ்சி ஜாஸ்தி" என்று யாரிடமோ சண்டை போடுவது போல முணுமுணுத்துக்கொண்டு டிபன்கேரியரை அப்படியே தேக்சாவில் கொட்டினார். பிறகு எனக்குப் பின்னால் வந்து ஜக்கோடு நின்றுகொண்டார். "கைக்கு பார்க்கறீங்க மியான்? லைன் லைன்தானே."

சிறுமியின் சட்டி விளிம்புவரை நிறைந்தது. எனக்கு முறை வந்தபோது தீர்ந்துவிட்டது. அன்று நான் பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்தேன், நானே பரிசோதித்துத் தேறியதில். கொட்டை பெரிதாக இருந்தது.

மறுநாள் முதல் இரண்டு தேக்சா. சிறுமி தினமும் வந்தாள், சீக்கிரம் வரக் கற்றுக்கொண்டாள். இருபத்தோராம் நோன்பன்று அவளுடைய அம்மாவே வந்தார். கழுத்தில் தையல் டேப் தொங்கியது, அவிழ்க்க மறந்திருக்க வேண்டும். ஆசிரியைக்கும் முதல் மாடி ஐடிப் பெண்ணுக்கும் நடுவில் நின்றார். அவர்கள் இருவரும் பெருநாள் துணி அவரிடம்தான் கொடுத்திருந்தார்கள். கை அளவு பற்றிப் பேசிக்கொண்டே மூவரும் நகர்ந்தார்கள். அவர் முறை வந்ததும் சட்டியை நீட்டியபடி என் மனைவியிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"புரா நக்கோ மானோ ஆபா. கஞ்சில தினமும் உப்பு கம்மி."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தப்பாக நினைக்காதீர்கள் அக்கா என்று பீடிகை போட்டாலும், சொன்னது சொன்னதுதான். அதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. வாங்கிக் குடிப்பதில் என்ன குறை சொல்வது என்று இருந்திருப்பார்கள். மனைவி மூன்றாம் மாடி அக்காவைப் பார்த்தாள். அக்கா அப்போதுதான் தனக்கு ரத்தக் கொதிப்பு என்றும், டாக்டர் உப்பைப் பாதியாக்கச் சொல்லி வருடக்கணக்காகிறது என்றும் கூச்சத்தோடு தெரிவித்தார். எங்கள் அதிகாரபூர்வ நாக்கு முதல் நாளிலிருந்தே அளவு தவறிய கருவி. அளவுக் கருவியை வேலைக்கு எடுக்குமுன் சரிபார்க்க வேண்டும் என்பது என் தொழிலின் முதல் பாடம். சாச்சா வாய்விட்டுச் சிரித்து, "ஹவ், நானும் நெனச்சேன்" என்றார். தையல்காரப் பெண் சட்டியை மூடிக்கொண்டு, நாளைக்குச் சரியாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கடையில் குறை சொல்லிவிட்டுப் போகிறவரின் நடை.

கஞ்சி குடித்து யார் வீடும் நிமிர்ந்துவிடாது என்பது எனக்குத் தெரியும். பெயிண்டர் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியது ரமலானுக்கு அடுத்த ஷவ்வால் மாதத்தில்தான். பெருநாள் தையல்தான் அவர்களைக் கொஞ்சம் தூக்கிவிட்டது. அதற்கும் என் டோக்கனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதைக் குறிப்பாகப் பதிவு செய்கிறேன்.

இருபத்திரண்டாம் நோன்பு ஞாயிற்றுக்கிழமை. நான் வீட்டில் இருந்தேன். மத்தியானம் சிறுமி மனைவியின் பெருநாள் ரவிக்கையோடு வந்தாள். வாய் அசைந்துகொண்டிருந்தது. முந்தின நாள் கஞ்சியைச் சூடாக்கிக் குடித்துவிட்டு, கையில் ஒரு பன்னும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் தேதி குறிக்கும் வரலாற்றாசிரியனின் கண்டிப்போடு, இன்று ரோஜா இல்லையா என்று கேட்டேன்.

சிறுமி பன்னை விழுங்கிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். இந்த ஆளுக்கு இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

"நக்கோ அங்கிள். நான் சின்னப் புள்ள."

மனைவி உள்ளே போய் அந்தப் பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தாள். சிறுமி இரண்டு எடுத்தாள்.

டைரியில் அன்றைய தேதியின் கீழ் என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தேன். கடைசியில், உப்பு சரிசெய்யப்பட்டது என்று மட்டும் எழுதினேன்.